குழிக்குள் இறக்கிய கோழி

கோழியைக் கூடையில் வைக்கும்போது முதலில் அதன் கண்களைக் கையால் மூட வேண்டும். அப்புறம் துள்ளாது. எனக்கு இது நன்றாக வரும். என் தம்பி நஹாக்குக்கு வராது.

தீமோரின் தென்கரையில், எங்கள் குன்றின் அடிவாரத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கும். முன்னோர்கள் அங்கே இருப்பதால் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். மழை பொய்த்த அந்த வருஷம் ஒரு வெள்ளைக்காரர் சுத்தியலோடு வந்தார். மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க, ஊற்றின் பக்கத்திலேயே குழி வெட்டச் சொன்னார். நாள் முழுக்கக் கல்லை உடைப்பார். கல்லுத் துரை என்று பெயர் வைத்தோம்.

குழி பத்து ஆள் ஆழம் போனது. அடியில் கெட்ட காற்று தங்கும். அதனால் தினமும் காலையில் ஒரு கோழியைக் கயிற்றில் இறக்கி, 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்ற பரலோக மந்திரத்தை ஐந்து முறை சொல்லி முடித்துத் தூக்க வேண்டும். கோழி சாயாமல் நின்றால் ஆள் இறங்கலாம். துரையிடம் கடிகாரம் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அவர் மலைமேல் இருப்பார். மிஷன் பள்ளியில் படித்தவன் நான் ஒருவன்தான், ஆகவே மந்திரம் என் பொறுப்பு. கல் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுவதும் நான்தான்.

நஹாக்குக்கு எழுத்து தெரியாது. மூக்கு உண்டு. உடைத்த கல்லை முகர்ந்து, "இதுல இருக்கு துரை, இது சும்மா" என்பான். துரை அவன் தோளில் தட்டுவார். என் சீட்டுகளை அவர் நின்று பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஊற்றைத் தொடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். துரை கேட்கவில்லை. குழிக்குள் ஓர் ஆள் செத்தால் வேலை நின்றுவிடும், ஊற்று தப்பிவிடும் என்று எனக்குத் தோன்றியது. கோபத்தில் எடுத்த முடிவல்ல.

ஞாயிற்றுக்கிழமை குழி மூடிக் கிடந்தது. திங்கள் காலை ஓலைத்தட்டியை விலக்கிக் கோழியை இறக்கினேன்.

"அண்ணே, தினமும் இவ்வளவு ஜெபம் கேட்டா, அந்தக் கோழியே கோயில் பூசைக்கு வந்து சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கிடும்" என்றான் நஹாக். கயிறு பிடித்திருந்த கிளாவ் சிரித்தான்.

"சும்மா இருடா. எண்ணிக்கை தப்பிடும்."

உதட்டை அசைத்தபடி ஒரே ஒரு மந்திரம் சொன்னேன். தூக்கினேன். கோழி நின்றது. அலகு மட்டும் திறந்திருந்தது.

"அதுக்குள்ள அஞ்சும் ஆயிடுச்சா?"

"ஆச்சு. இறங்கு."

"படிச்சவன்ல, வேகமா சொல்லிடற."

இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். கல்லுக்குள் இருக்கும் எண்ணெயைக் கண்டுபிடிக்கும் மூக்கு அது. ஆனால் அந்தக் கெட்ட காற்றுக்கு மணமே கிடையாது. கயிறு ஒரு முறை வெட்டி இழுத்தது.

"இழுத்துடலாமா?" என்றான் கிளாவ்.

"கல்லெடுக்கிறான். பொறு" என்றேன். அவன் பொறுத்தான்.

துரை குழந்தைபோல அழுதார். முன்னோர்கள் ஓர் உயிரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றார்கள் பெரியவர்கள். குழி மண்ணால் நிரப்பப்பட்டது. ஊற்று இன்றும் அப்படியே இருக்கிறது. தம்பி மனைவி ஹோவாரும் இரண்டு பெண் குழந்தைகளும் என் வீட்டில்தான் வளர்ந்தார்கள். சோளம் இல்லாமல் ஒருநாளும் படுத்ததில்லை. இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று ஹோவார் எல்லோரிடமும் சொல்கிறாள்.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை மாலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். துரை என்னைக் கூப்பிட்டார். இங்கே தோண்டும் அளவுக்கு எண்ணெய் இல்லை, திங்கட்கிழமை அடியிலிருந்து கடைசி மூட்டைக் கல்லை எடுத்ததும் குழியை மூடிவிடலாம் என்றார். நஹாக்கைத் தன்னோடு கப்பலில் அடுத்த தீவுக்கு அழைத்துப்போவதாகவும், அதை நானே அவனிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். கடைசி மூட்டைக்கான சீட்டை அன்றே எழுதி வைத்தேன். எழுத்து அழகாக வந்தது.

தம்பியிடம் சொல்லவில்லை.

மீதி நான்கு மந்திரத்தையும் தினமும் காலையில் ஊற்றருகே நின்று சொல்லிவிடுகிறேன். நிதானமாகச் சொல்கிறேன். ஊற்றுக்காகத்தான் செய்தேன்.