இல்மரியை மேற்படிப்புக்கு அனுப்பிய விதம்

கோட்டைக் கழற்றிவிடுங்கள், இந்த வீட்டில் இப்போது கொஞ்சம் சூடு அதிகம். காப்பி இருக்கிறது, ஏலக்காய் பன் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தவரிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

என் மகன் இல்மரிக்கு இருபத்து மூன்று வயது, வேலை கிடையாது. இருபத்தைந்துக்குள் இருப்பவன் மார்ச்சில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்பது உங்கள் சட்டம். அவனும் வருஷம் தவறாமல் கால்நடை மருத்துவத்துக்கும் நடிப்புக்கும் விண்ணப்பிப்பான். தேர்வறையில் பெயரை மட்டும் எழுதி, நான் கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு வருவான்.

"விண்ணப்பிக்கணும்னுதாம்மா சட்டம். கிடைக்கணும்னு எங்க இருக்கு?" என்பான். கெட்டிக்காரன், என் வயிற்றில் பிறந்தவன் அல்லவா.

இந்த வருஷம் அவன் பெயரில் விண்ணப்பித்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்; இணையத்தில் விண்ணப்பிக்க அடையாளமாகக் கேட்கும் அவன் வங்கிக் கடவுஎண் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. பட்டியலில் நான் பாடத்தைப் பார்க்கவில்லை, ஊரைத்தான் பார்த்தேன். ரொவானியெமி. இங்கிருந்து எண்ணூறு கிலோமீட்டர். தேர்வும் இல்லை, பள்ளி மதிப்பெண்ணே போதும். அது வனவியல் என்பது ஜூனில் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. கொசுவுக்குப் பயந்து கோடையில் பால்கனிக்கே வராத பிள்ளை.

"அம்மா, நான் இதுக்குப் போடவே இல்லையே."

"தூக்கக் கலக்கத்துல போட்டிருப்படா. இப்ப வேண்டாம்னு சொன்னா பணம் நின்னுடுமே."

அழுதான். நானும் அழுதேன். அழுதுகொண்டே இரண்டு பெட்டி கட்டினேன். எல்லாம் அவன் எதிர்காலத்துக்காக.

போன வாரம் கூப்பிட்டான். "கிறிஸ்துமஸுக்கு வந்துடறேம்மா. இங்க மரத்தைப் பாத்தாலே எரிச்சலா இருக்கு. என் ரூம் அப்படியே இருக்குல்ல?"

"இருக்குடா ராசா, கதகதன்னு இருக்கு" என்றேன்.

அந்தக் கதவா? ஆமாம், அவன் அறைதான். இப்போது சவுனா, மரப்பலகைகளில் ஏறி உட்கார்ந்து வியர்க்கும் நீராவி அறை. பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்டடத்தின் பொதுச் சவுனாவில் வியாழக்கிழமை ஆறு மணி என் முறை. ஐந்து மணிக்காரி ஐரா ஒருநாளாவது நேரத்துக்கு வெளியே வந்திருப்பாளா? மனுஷி எத்தனை காலம் துண்டைச் சுற்றிக்கொண்டு நடையில் நிற்பது? ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறை காலியான பிறகு, சும்மா கிடக்கிறதே என்று வந்த யோசனை அது. அவன் வந்தால் மேல்பலகையில் தாராளமாகப் படுக்கலாம், நீளம் சரியாக இருக்கும்.

அந்த வரைபடத்தைப் பார்க்கிறீர்களா? இந்தச் சவுனாவுக்குத் தச்சர் போட்டது. ஓரத்தில் இருக்கும் தேதியும் அவர் எழுதியதுதான். இந்த வருஷம் ஜனவரி ஒன்பது, ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலைச் சுற்றி, அவனை எழுப்பாமல்தான் அறையை அளந்தோம்.