பாட்டிலில் இருக்கும் நஞ்சுக்கொடி

ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் உரக்கச் சொன்னாள்:

“என் நஞ்சுக்கொடியை டாக்டரம்மா பாட்டில்ல போட்டு வச்சுக்கிட்டாங்கக்கா.”

“ஐயையோ! கொல்லையில புதைக்க வேணாமா?”

“அதுக்குத்தான் மாமியார் சண்டை போட்டாங்க. இவ வயித்துல இருக்கறப்பதானே எனக்கு மார்ல புத்துநோய்னு ஆபரேஷன் பண்ணாங்க? அது கொடிக்கும் பரவியிருக்கான்னு பார்க்கணும்னாங்க.”

“பரவியிருந்துச்சா?”

“துளிகூட இல்லையாம்!”

“மாமியார் கோவம்?”

“கொடி இருக்கற எடத்தையேதான் பிள்ளை சுத்துமாம். அதனால பேத்தி டாக்டராயிடுவான்னு இப்ப தெருவெல்லாம் சொல்றாங்க.”

இருவரும் சிரித்தார்கள்.

“அதைப் பார்க்க நானும் இருக்கணுமில்லக்கா? அதான் ரெங்கநாதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரப் போறேன்.”