முதல் சால் நிற்கக் கூடாது

ஸ்டேஷன் வாசல் கேட் கீச்சென்று கத்துகிறது, ஐயா. கீலில் துருதான். இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் வாயை மூடிக்கொள்ளும். நான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துருப்பிடித்த எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும், கூடவே சிரிப்பும் வரும். பிறவிக் குணம்.

என் பெயர் தங்கச்சாமி. இடைசெவலில் கோபாலசாமி முதலாளியின் டிராக்டருக்கு நான்தான் ஃபிட்டர். சித்திரை முதல் தேதி, வருஷத்தின் முதல் உழவான பொன்னேர் ஓட்டும்போது டிராக்டர் கவிழ்ந்து அவர் செத்துப்போனார் இல்லையா, அது சம்பந்தமாகத்தான் வந்தேன். நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்களாம். அதைத் திருத்த வேண்டும். கலப்பையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

கயத்தாறில் பிச்சை முகம்மது அண்ணாச்சி பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து ஏலத்தில் வந்த சாமான்கள் அங்கே மலையாகக் கிடக்கும். ஒரு நாள் போல்ட் வாங்கப் போனவன், அவர் வேலிக்குப் படலாகச் சாத்தி வைத்திருந்த ஒரு இரும்புச் சட்டத்தைப் பார்த்தேன். செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன். துருவுக்கு அடியிலிருந்து, வார்ப்பிலேயே பதித்த எண் ஒன்று எட்டிப் பார்த்தது. சர்க்கார் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் அந்த மாதிரி எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற, மண்ணைக் கீறும் கொழு இரண்டு உள்ள கலப்பையின் சட்டம் அது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"இது வேலியில்ல அண்ணாச்சி, கலப்பை!"

"கலப்பையோ களவாணியோ, தூக்கிட்டுப் போ. என் ஆடு வெளிய போச்சுன்னா நீதாம்ல மேய்க்கணும்."

முதலாளி காசில் சட்டம் கிடைத்துவிட்டது, மண்ணைப் புரட்டுகிற வளைந்த தகடுகளைக் காணோம். எங்கெங்கோ தேடினேன். கடைசியில் பார்த்தால் நம்ம ஊர் வள்ளித்தாய் ஆட்டுக்கிடையில், மல்லாக்கக் கிடந்து தண்ணீர்த் தொட்டியாக இருக்கின்றன இரண்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திருப்பினேன். சட்டத்துக்குப் பொருந்துகிற எண்தான். கட்டிக்கொண்டேன் ஐயா, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"ஏலே கிறுக்கா, ஆடு மூஞ்சி வைக்கித தகரத்த ஏம்ல கட்டிப் பிடிக்கே? கல்யாணம் பண்ணி வைக்கட்டுமா?" என்றாள் வள்ளித்தாய்.

"பண்ணி வையி ஆத்தா, இன்னைக்கே," என்றேன்.

மாசிக் கடைசிவரை அதே வேலை. சுழலாத சக்கரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டேன். கொழுவைக் கோவில்பட்டிப் பட்டறையில் கொடுத்து நுனி தீட்டினேன். தகட்டைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினேன். கரிசலில் அதுதான் முக்கியம். தகட்டில் துளி சொரசொரப்பு இருந்தாலும் நம்ம மண் வழுக்கி விழாது, களி மாதிரி அப்பிக்கொண்டு கூடவே வரும்.

கோடை மழை ஒன்று விழுந்த மறுநாள் ஓட்டிப் பார்த்தோம். மண் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருண்டு, கன்னங்கரேல் என்று பளபளத்துக்கொண்டு விழுந்தது. நான் கலப்பை கீறிய சாலுக்குள் வெறுங்காலோடு ஓடினேன். விழுந்தேன், எழுந்தேன், திரும்ப ஓடினேன். முதலாளியும் டிராக்டரை விட்டுக் குதித்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். தலைப்பாகை அவிழ்ந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை நானும் அவரும் வேறு என்றும் பட்டதில்லை.

பங்குனியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "ஏலே தங்கச்சாமி, வட்டுக் கலப்பைக்குச் சொல்லியாச்சி, புதுசு. பொன்னேர் அன்னைக்கு மட்டும் உன் கெழவிய ஓட்டுவோம். மறுநா பிச்சை முகம்மது வண்டி கொண்டு வாராரு. உருக்குறதுக்குப் போவுது."

"எனக்குக் குடுத்திருங்க மொதலாளி. கூலியில கழிச்சிக்கிடுங்க."

அவர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். "குழிநெலம் இல்லாத பயலுக்குக் கலப்பை எதுக்குல? தலைமாட்டுல வச்சிப் படுக்கவா?"

பரிமாறிக்கொண்டிருந்த முதலாளியின் சம்சாரம் சங்கரம்மாள் அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல பகடிதான். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அன்றைக்கு இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நிதானமாகத்தான் யோசித்தேன். களவாண்டு போகலாம், அவ்வளவு பெரிய கலப்பையை எங்கே ஒளிப்பது? கொழு, சக்கரம் என்று பிரித்து ஒளித்தால் கலப்பைக்குத்தான் அவமானம். மிச்சம் இருந்தது ஒரே வழி. சாவு விழுந்த வீட்டில் மறுநாளே யாரும் பழைய இரும்பை எடைக்குப் போட மாட்டார்கள். செத்தவர் கடைசியாகத் தொட்ட பொருள் என்று பொத்திப் பொத்தி வைப்பார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

கலப்பையை டிராக்டரோடு சேர்க்கிற இடத்தில் ஒரு மரமுளை இருக்கும். கொழு பாறையில் மாட்டினால் மரமுளை முறிந்து கலப்பை தனியே நின்றுவிடும், ஓட்டுகிறவர் பிழைப்பார். அதை எடுத்துவிட்டு இரும்பு முளை அடித்து, மேலே மண்ணைக் குழைத்துப் பூசினேன். இழுவைச் சங்கிலியைக் கீழ்க்கொக்கியிலிருந்து கழற்றிப் பின்அச்சுக்கு மேலே மாட்டினேன். அப்படி மாட்டினால், கலப்பை நகராமல் நின்றுவிட்டதென்றால் டிராக்டர் தன்னைத்தானே பின்னால் தூக்கி மல்லாத்திக்கொள்ளும்.

முதலாளி புஞ்சையின் வடக்குக் கரையை ஒட்டி மண்ணுக்கடியில் சுக்கான்பாறை ஓடுகிறது. கடப்பாரையால் குத்தி அதன் முதுகைக் கண்டுபிடித்தேன். முதல் சாலுக்குக் குச்சி நட்டு வழி காட்டுகிற வேலையும் என்னுடையதுதான். பாறையில் மோதிக் கொழு உடைந்துவிடுமோ என்ற கவலையில்தான் சோறு இறங்கவில்லை. நுனியைக் கொஞ்சம் மழுக்கிவிட்ட பிறகுதான் தூக்கம் வந்தது.

பொன்னேர் அன்று காலை ஊரே திரண்டிருந்தது. மாடுகளுக்கு மாலை, கொம்புக்கு மஞ்சள். முதலாளி சந்தனம் பூசிக்கொண்டு, புது வேட்டியோடு ஏறினார்.

"என்னலே, சங்கிலி மேல ஏறிட்டு?"

"ஈரத்துல சக்கரம் வழுக்குதுல்லா மொதலாளி. மேல மாட்டுனா மண்ணக் கவ்வும்."

"மூளைக்காரப்பய," என்று என் தலையில் தட்டினார். நான் சொன்னது பொய்யில்லை, கவ்வத்தான் செய்யும்.

எங்கள் ஊரில் பொன்னேரின் முதல் சால் கரையைத் தொடுகிறவரை நிற்கக் கூடாது. நின்றால் அந்த வருஷம் மழையும் நின்றுபோகும் என்பார்கள். மற்ற நாளாக இருந்தால், கலப்பை மாட்டியதும் முதலாளி கிளட்சை மிதித்து இறங்கிப் பார்த்திருப்பார். அன்றைக்கு ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கொழு பாறையில் இறுகியதும் அவர் வேகத்தைக் கூட்டினார். "நிறுத்தாதீக, நிறுத்தாதீக" என்று எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். வெள்ளாடு கிளையை எட்டுகிற மாதிரி முன்சக்கரம் இரண்டும் மெள்ள எழும்பின. எனக்கு நெஞ்சுக்குள் கிளுகிளுவென்று இருந்தது. மரக்கிளையில் தூரி கட்டி ஆடுகிற மாதிரி.

எல்லாரும் முதலாளியைத் தூக்க ஓடினார்கள். நான் கொழுவைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

இப்போது சங்கரம்மாள் அக்கா, "அது ராசியில்லாத சனியன், என் கண்ணுல படக் கூடாது. சும்மாவே தூக்கிட்டுப் போங்க" என்று பிச்சை முகம்மது அண்ணாச்சிக்கு ஆள் விட்டிருக்கிறார். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் கணக்கில் அது ஒன்றுதான் பிசகு. பாவம், கலப்பை என்ன செய்யும்? அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: கலப்பையின் மேல் ஒரு குறையும் கிடையாது. தங்கச்சாமியாகிய நான்தான் முளையை மாற்றி, சங்கிலியை மாற்றி, பாறை மேல் குச்சி நட்டு முதலாளியைக் கொன்றேன். இதை அக்காவிடம் நீங்களே நேரில் வாசித்துக்காட்டினால் மனசு மாறிவிடுவார்.

மாறாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு மாட்டுவண்டி வருகிறதாம். என்னைக் கொஞ்ச நேரம் மட்டும் வெளியே விட்டால், நானே கலப்பையைக் கொழு முன்னால் பார்க்கிற மாதிரி ஏற்றிக் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். பாரம் ஏற்றின வண்டியில் அண்ணாச்சி எப்போதும் பாரத்துக்கு நேர் முன்னால், மாட்டு வாலடியில்தான் உட்காருவார். தங்கமான மனுஷன். அவர் மேலும் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.