அட்டை வேறு, ஆள் வேறு என்றுரைத்த சீனித்தாய் அம்மையாருக்கு

தூத்துக்குடி நெய்தல்கரை சரக்குப் பெட்டக நிலையத்தின் நுழைவு அட்டைப் பிரிவுத் தலைவராய் இருந்து இன்று பணி நிறைவு காணும் திருமதி சீனித்தாய் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து படைக்கும் மடல்.

கதவுகள் அனைத்தையும் கையில் வைத்திருந்தும் கர்வம் கொள்ளாத காரிகையே! அட்டை மறந்து வந்தோர் அஞ்சி ஒதுங்கிய அரும்பெரும் காவலே! உப்புக் காற்றில் இரும்புக் கதவும் துருவேறும் இவ்வூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் துருவேறாத தூயவரே! ஏரலிலிருந்து காலைப் பேருந்தேறி எங்களுக்கு முன்னே வந்து, எங்களுக்குப் பின்னே வீடு திரும்பிய ஏந்திழையே! வணக்கம்.

இந்த நான்கு விளிகளுக்குள்ளேயே நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். "ஏளா ரேச்சல், விஷயத்துக்கு வா" என்று மேடையிலிருந்தே சத்தம் போட்டாலும் வியப்பில்லை. சாயர்புரத்தில் தமிழ் படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக இம்மடலை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போவதால் கொஞ்சம் அலங்காரம் இருக்கத்தான் செய்யும். பொறுத்தருளுங்கள்.

கேட்டில் காகிதச் சீட்டு கிழித்துக் கொடுத்த காலத்தில் தட்டச்சராய் உள்ளே வந்தீர்கள். வெள்ளை அட்டையைக் காட்டினால் கதவு தானே திறக்கும் காலம் வந்தபோது, அதைக் கண்டு மிரண்டோர் பலர்; கற்றுக்கொண்டவர் நீங்கள். எந்த அட்டையைக் கொடுத்தாலும் ஜன்னலோரம் போய் வெயிலில் தூக்கிப் பிடிப்பீர்கள். உள்ளே ஓடும் கம்பிச் சுருள் வட்டமாய்த் தெரிந்தால் ஒரு வகை, விளிம்போரம் சதுரமாய்த் தெரிந்தால் இன்னொரு வகை. "வட்டம்னா பழசு, லேசா நகல் எடுத்துருவாங்க. மாத்தணும் சார்" என்று மேலிடத்துக்குச் சொல்லிச் சொல்லி உங்கள் வாய்தான் வலித்தது. "பார்ப்போம், பார்ப்போம்" என்றது மேலிடம். அந்த மேலிடம், நம் பொது மேலாளர் சிவசுப்பிரமணியன் ஐயா, இப்போது உங்கள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் புகழைப் பட்டியல் போட்டால் மாலைத் தேநீர் ஆறிப்போகும். ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் அறிந்த ஒரே நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதில் வரும் நம் சக ஊழியர் ஜோன்ஸிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியாயிற்று. "பேரைப் போடுங்கக்கா, ஆனா போட்டோ போட்டுராதீங்க" என்றார்.

சென்ற ஆண்டு, கண்டெய்னர் கதவுகளில் பூட்டும் சீல்களை வைத்திருக்கும் அறையில் ஒரு பெட்டி சீலைக் காணவில்லை. அறியாதோர்க்கு ஒரு வார்த்தை: அந்தச் சீல் தவறான கையில் சிக்கினால், கண்டெய்னரைத் திறந்து எதையும் எடுத்துவிட்டு மறுபடி பூட்டிவிடலாம். கணினியைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் "முஸம்மில் உள்ளே நுழைந்தார்" என்று திரை காட்டியது. அவர் தவிர வேறு யாருமே அன்று அந்த அறைக்குள் நுழையவில்லை என்றும் காட்டியது.

முஸம்மிலை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மண்டபத்தில் இருக்கும் விருந்தினருக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்துக்காரர், எங்கள் ஆவணப் பிரிவில் இருந்தவர். அண்ணன்மார் இருவரும் துபாயில் இருக்க, நோயாளி வாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கியவர். சீல் திருடியவர் என்ற பெயரோடு வெளியே போனால் இத்துறைமுகத்தில் வேறெந்த நிறுவனமும் அவரைக் கேட்டுக்குள்ளேயே விடாது.

"நான் அப்ப பள்ளிவாசல்ல ஜும்ஆ தொழுகையில இருந்தேன் சார்" என்றார் விசாரணையில். பார்த்தவர் யார் என்று கேட்டார்கள். "பக்கத்துல நின்னவரு யாருன்னு எனக்கே தெரியாது சார். தொழும்போது யாரு யாரைப் பாக்கா?" என்றார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கேட்டார் பொது மேலாளர். பணிநீக்க ஆணை தயாராயிற்று.  எங்களில் எவரும் எழவில்லை.

நீங்கள் எழுந்தீர்கள்! "சார், டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்க கார்டைக் கொஞ்சம் தாங்க" என்றீர்கள். சோதனைக்காக உங்கள் பிரிவில் வைத்திருக்கும் சிறு கருவியில் அவர் அட்டையை வைத்தீர்கள், பிறகு ஒரு வெற்று அட்டையை வைத்தீர்கள். எல்லார் கண் முன்னாலும் நடந்தது அது. அந்த வெற்று அட்டையை என் கையில் திணித்து, "ஏளா, போயி சார் ரூமைத் தொறந்துட்டு வா" என்றீர்கள். போய் அட்டையைக் காட்டினேன். கதவு திறந்தது. திரும்பி வந்து பார்த்தால் திரையில் எழுத்து ஓடுகிறது: "சிவசுப்பிரமணியன் உள்ளே நுழைந்தார்."

"அப்பம் இங்கன டீ குடிக்கிறது யாரு சார்?" என்று கேட்டீர்கள்.

மேலாளரின் அட்டையை நகலெடுத்த குற்றத்துக்கு உங்களையே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஓய்வுக்கு ஓராண்டு மிச்சமிருந்த நேரம் அது. உங்களுக்கு அது தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் செய்தீர்கள். அன்று உங்களை நினைத்து நாங்கள் அடைந்த பெருமையை எந்த அடைமொழியாலும் எழுதிவிட முடியாது. பணிநீக்க ஆணை கையெழுத்தாகாமல் அப்படியே மேசையில் கிடந்தது.

மறுநாள் காலை கேட்டில் அனைவரையும் நிறுத்தி, உறையிலிருந்து வெள்ளை அட்டையை உருவிக் குப்புற வைக்கச் சொன்னீர்கள். உறைகளுக்குள்ளிருந்து திருச்செந்தூர் இலை விபூதியும், பனிமய மாதா படமும், துஆ எழுதிய தாளும், பஸ் டிக்கெட்டும் வந்து விழுந்தன. நாம் கொடுத்த அட்டைகளின் முதுகில் எண் அச்சிட்டிருக்கும். ஓர் அட்டையில் மட்டும் எண் இல்லை. மாதா படம் இத்தனை நாளும் அதை மறைத்திருந்தது. அது புன்னைக்காயல் ஜோன்ஸின் அட்டை.

நடந்தது இதுதான். ஒரு விடுப்பு நாளில் அப்பாவின் வள்ளத்தில் வலை இழுக்கையில் ஜோன்ஸின் உறையிலிருந்து வெள்ளை அட்டை நழுவிக் கடலில் போனது. உங்களிடம் வந்து சொல்லப் பயம். லுஹர் தொழுகைக்குமுன் கை கால் கழுவி ஒளு செய்யக் குழாயடிக்குப் போன முஸம்மில் தம் அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜோன்ஸ் அதை எடுத்துக்கொண்டு எதிர்த்த ரோட்டுச் சாவிக்காரரிடம் ஓடி ஒரு நகல் போட்டுவிட்டு, தொழுகை முடியுமுன் ஆணியிலேயே மாட்டிவிட்டார்.

"வாசல் ஒண்ணுதான மேடம், யாரு சாவியில தொறந்தா என்னன்னு நெனச்சேன்" என்று அழுதார். முஸம்மிலுக்கு அனுமதியுள்ள சீல் அறையும் தமக்குத் திறந்தபோது, பதவி உயர்ந்துவிட்டதாக மகிழ்ந்திருக்கிறார். அங்கே ஏ.சி. இருக்கிறது. முஸம்மில் தொழப் போய்விடும் வெள்ளி நண்பகல்தோறும் அங்கே போய்க் கண்ணயர்ந்திருக்கிறார். காணாமற்போன பெட்டி எங்கே என்று கேட்டதும், "கால் நீட்ட எடமில்லன்னு அடி ரேக்குக்குள்ள தள்ளுனேன்" என்றார். போய்ப் பார்த்தால் பெட்டி முத்திரை உடையாமல் அங்கேயே கிடந்தது.

அப்படியானால் ஜோன்ஸை நீக்குவோம் என்று எழுந்தது அடுத்த குரல். "கார்டு தொலைஞ்சிட்டுன்னு எங்கிட்ட வந்து சொல்லப் பயந்துருக்கான். பயங்காட்டுனது நான். தப்புல பாதி என்னுது. பாதி ஆளை எப்படி சார் வேலையை விட்டு எடுப்பீங்க?" என்று கேட்டீர்கள். பொது மேலாளர் முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். ஜோன்ஸ் எச்சரிக்கையோடு தப்பினார். முஸம்மிலிடம் பொது மேலாளரே கைகூப்பி வருத்தம் சொன்னார். அதை இங்கே எழுதச் சொன்னவரும் அவர்தான்.

அன்றிலிருந்து அட்டை தொலைந்தால் கேள்வியில்லை, ஏச்சில்லை. சொன்ன அன்றே புதிது கிடைக்கும். பழைய அட்டைகள் போய், எளிதில் நகலெடுக்க முடியாத புதியவை வந்தன. மென்பொருள் நிறுவனத்தாரோடு நாள் கணக்கில் மல்லுக்கட்டித் திரையின் வாசகத்தையும் மாற்ற வைத்தீர்கள். "முஸம்மில் உள்ளே நுழைந்தார்" என்று காட்டிய திரை இப்போது "முஸம்மிலின் அட்டை பயன்படுத்தப்பட்டது" என்று காட்டுகிறது. ஒரு வேற்றுமை உருபுக்காக இத்தனை சண்டை போட்டவரைச் சாயர்புரம் கல்லூரியில்கூட நான் கண்டதில்லை.

பேருந்தின் ஜன்னலோரம் இனி உங்களுக்கு அவசரமின்றி வாய்க்கட்டும்! ஏரல் ஆற்றங்கரைக் காற்றும், பேரப்பிள்ளைகளின் கூச்சலும், நோயற்ற உடலும், நூறாண்டு நிறைவும் உங்களை நாடி வரட்டும்! ஏசுவதற்கு ஆளில்லாமல் சலிப்புத் தட்டினால் எங்களைக் கைப்பேசியில் அழைத்து ஏசுங்கள். வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறோம்.

பணி நிறைந்து செல்வோரின் அட்டை அன்று மாலையே செயலிழக்க வேண்டும் என்பது நீங்கள் வகுத்த விதி. உங்கள் நாற்காலிக்கு நீங்களே பரிந்துரைத்த முஸம்மிலுக்கு, இவ்விழா முடிந்ததும் காத்திருக்கும் முதல் வேலை உங்கள் அட்டையை நிறுத்துவது. இன்று ஒரு நாள் விட்டுவிடலாமே என்று கேட்டுப் பார்த்தோம். "மேடம் இருந்தா விடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். செய்துவிடுவார், கவலைப்படாதீர்கள். நாளை முதல் நீங்கள் வந்தால் எங்கள் கதவு உங்கள் அட்டைக்குத் திறக்காது. நாங்கள் எழுந்து ஓடி வந்து திறப்போம்.

இப்படிக்கு, நீங்கள் ஏசி வளர்த்த
நெய்தல்கரை நிலையப் பணியாளர் அனைவரும்,
தூத்துக்குடி.