தளராத மூங்கில்

சோஹெய்: ...மணிய அடிக்காதடா. கொஞ்சம் இரு.

யசுதோ: ஷிகெரு வீட்டு வாசல்ல வந்து நின்னு பத்து நிமிஷமாச்சு. எதிர்வீட்டம்மா ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டா.

சோஹெய்: இந்தப் பெட்டிய நீ பிடி. என் கை வேர்க்குது.

யசுதோ: திருவிழால நாப்பத்தாறு விளக்கோட அம்பது கிலோ மூங்கில ஏந்துற கை... ஒரு இனிப்புப் பெட்டிக்கு வேர்க்குது! அவனுக்குப் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாதான் பிடிக்கும், சொன்னேன், கேட்டியா?

சோஹெய்: மன்னிப்புக் கேக்க ஊறுகாவோடயா வருவாங்க?

யசுதோ: நீ எதுக்குடா மன்னிப்புக் கேக்கணும்? உயரம் கூட்ட அடியில ஒட்டு மூங்கில் செருகுனது ஷிகெரு. செருகுன எடம் தளந்துபோச்சு, மொத்தமும் விழுந்துச்சு. அவ்வளவுதான்.

சோஹெய்: தளரலடா.

யசுதோ: உனக்கெப்படித் தெரியும்?

சோஹெய்: விழுந்ததும் தொட்டுப் பாத்தேன். இரும்பு மாதிரி இருந்துச்சு.

யசுதோ: அப்போ காத்து.

சோஹெய்: என்ன காத்து? ஒரு சுடர்கூட ஆடல. நேத்து டிவிக்காரன் கேமராவ என் பக்கம் திருப்பினான். மூங்கில இடுப்புல நிறுத்தி, வித்தை காட்ட விசிறிய விரிச்சு... முகத்தக் காட்டணும்னு கண்ணக் கீழ இறக்கிட்டேன்.

யசுதோ: அந்த உடைஞ்ச பல்லக் காட்டவா?

சோஹெய்: சிரிக்காத. தூக்குறவன் கண்ணு விளக்க விட்டு இறங்கக் கூடாதுன்னு நம்ம அகிதா ஊர்ல பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பழி அவன் மேல விழுந்தப்ப வாய மூடிட்டு நின்னேன். ஆறு வருஷம் விளக்குகளுக்கு மெழுகுவத்தி மட்டும் கொளுத்துனவன்டா. திருவிழாக் கடைசி நாள், இன்னிக்குத்தான் மொத மொதல்ல தூக்க இருந்தான். வரவேணாம்னுட்டாங்க. அவன் தூக்குறதப் பாக்க மாமனார் வீடே யோகோதே ஊர்லேர்ந்து ரயிலேறி வருது.

யசுதோ: சொன்னா அடுத்த வருஷம் உன்ன மூங்கிலத் தொட விடமாட்டாங்க. யோசிச்சியா?

சோஹெய்: யோசிச்சாச்சு. ஆறு மணிக்குத் தொடங்கிருவாங்க, அதுக்குள்ள குழுத் தலைவர்கிட்டயும் சொல்லி, அவனக் கூட்டிட்டுப் போயிடணும்... ஆமா, ஒண்ணு கேக்கணும். சாயும்போது நீ என் பின்னாலதான நின்ன? சாஞ்சா பிடிக்கக் கை ஏந்திக்கிட்டு?

யசுதோ: ...மணிய அடி.

சோஹெய்: இரு, கேட்டதுக்கு...

யசுதோ: அடிடா!

ஷிகெரு: அட, சோஹெய் அண்ணே! யசுதோ அண்ணே! உள்ள வாங்க, வீடுதான் கலைஞ்சு கெடக்கு...

சோஹெய்: வேணாம்ப்பா, இங்கயே... யசுதோ, பெட்டியக் குடு.

ஷிகெரு: அய்யோ, நாந்தாண்ணே வந்து தலை குனிஞ்சிருக்கணும். செருகிட்டுத் தட்டிக்கூடப் பாத்தேன். கெட்டியாத்தான் இருந்துச்சு. ஆனா விழுந்திருச்சே. என் கை லட்சணம் அப்படி.

சோஹெய்: உன் கை சரியாத்தான் இருக்கு. நான் கேமராவப் பாத்தேன்.

ஷிகெரு: என்னண்ணே?

சோஹெய்: விளக்க விட்டுட்டுக் கேமராவப் பாத்தேன். என்ன மன்னிச்சிரு. போய் உடுப்ப மாட்டு. தலைவர்கிட்ட நான் பேசுறேன்.

ஷிகெரு: எழுந்திரிங்கண்ணே... மண்டி போட்டுக்கிட்டு. எதிர்வீட்டம்மா பாக்குது.

சோஹெய்: பாக்கட்டும்.

ஷிகெரு: ஆனா... தலைவர் வேற மாதிரி சொன்னாரே. மூங்கில் தளந்து ஆடுனத ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்தாராம். பேர் சொல்லல. என் இடத்துக்கும் ஆள் போட்டாச்சாம்.

சோஹெய்: ஆளா? யாரு? யசுதோ, உனக்குத் தெரியுமா?... என்னடா, பெட்டியக் கீழ வைக்கிற? நீ ஏன் மண்டி போடுற?

யசுதோ: தளந்துச்சுன்னு சொன்னவனும், இவன் எடத்துல தூக்கப்போறவனும்... ரெண்டும் நாந்தான்... இருபத்திரெண்டு வருஷமா அடுத்தவன் தூக்குற மூங்கிலுக்குக் கை ஏந்தியே நின்னவன்டா நான். நேத்து சாயுறதப் பாத்தேன். எட்டுற தூரம்தான்... கைய இறக்கிட்டேன்.