நேற்றே ஜெயித்த பசு

புகழ்வேந்தன்: சத்தமாவா படிக்கணும்?

வெண்ணிலா: சத்தமாத்தான். ஒன் பேப்பர்தானே? நீ போட்ட செய்திதானே? படி, நான் கேட்டு ரசிக்கிறேன்.

புகழ்வேந்தன்: "செல்லிப்பட்டில் பால் கறவைப் போட்டி. திரளான மக்கள் பங்கேற்பு. கால்நடைத் தீவன நிறுவனம் ஒன்றின் சார்பில், செல்லிப்பட்டு ஆற்றங்கரைத் திடலில் பால் கறவைப் போட்டி நேற்று வெகு விமரிசையாக நடைபெற்றது..."

வெண்ணிலா: நிறுத்து. நேத்து இந்தத் திடல்ல இன்னா நடந்துச்சு?

புகழ்வேந்தன்: நேத்தா... நாய் ரெண்டு படுத்துக்கினு இருந்துச்சு.

வெண்ணிலா: போட்டி எப்ப?

புகழ்வேந்தன்: இன்னிக்கு.

வெண்ணிலா: ஆரம்பிச்சாச்சா?

புகழ்வேந்தன்: பந்தல்காரரு இப்பத்தான் கம்பு நட்டுக்கினு இருக்காரு.

வெண்ணிலா: ம். மேல படி.

புகழ்வேந்தன்: "சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்ட பால் கூட்டுறவுச் சங்க முன்னாள் தலைவர் வீரமணி, பசுக்களின் பெருமையை உருக்கமாக எடுத்துரைத்தார். கூடியிருந்தோர் கண் கலங்கினர்." கண்ணு கலங்கற அளவுக்கா பேசினாரு?

வெண்ணிலா: ஆளே வரமாட்டேன்னுட்டாருடா! கல்யாணத்துக்குப் போறாராம்.

புகழ்வேந்தன்: "பாகூரைச் சேர்ந்த தையலம்மாள் என்பவரின் 'ராங்கி' என்ற பசு, ஒரே வேளையில் இருபத்தெட்டு லிட்டர் பால் கறந்து முதல் பரிசைத் தட்டிச் சென்றது." ஏய் நிலா... இருபத்தெட்டா? அது மாடா, தண்ணி டேங்கா?

வெண்ணிலா: மாதிரிக்கு எழுதினதுடா! எங்க பி.ஆர். ஆபீஸ்ல முந்தின நாளே செய்திய எழுதி வெச்சுடுவோம், நடந்து முடிஞ்ச மாதிரி. பேரையும் லிட்டரையும் மட்டும் அப்பறம் மாத்திக்கறது. எங்க விஜயராணி மேடத்துக்குப் புள்ளி வெச்சு எடம் உட்டா ஆவாது. "கோடிட்ட இடத்த நிரப்பறதுக்கு இது இன்னா பரீட்சையா? ஒரு பேர போட்டு முழுசா காட்டு"ம்பாங்க. போட்டேன். ஒனக்கு அனுப்பறப்ப மேலயே எழுதினேனே, 'இது வெறும் மாதிரி, நாளைக்கு சரியானது வரும்'னு!

புகழ்வேந்தன்: பக்கத்த முடிக்கற அவசரம்... ஒரு மூலை காலியா இருந்துச்சு... படிக்காமத் தூக்கி உள்ள போட்டுட்டேன்.

வெண்ணிலா: படிக்காமயா?

புகழ்வேந்தன்: ஒரு எழுத்து கூட.

வெண்ணிலா: காலேஜ்ல ஒன்ன பாஸ் போட்டவர கூட்டிக்கினு வா, நான் பாக்கணும்.

புகழ்வேந்தன்: அவரேதான் ஒனக்கும் பாடம் எடுத்தாரு. "பி.ஆர்.னா நல்லத செய்யி, அப்பறம் நாலு பேருக்குச் சொல்லு"ன்னாரு. நீ மொதல்ல சொல்லிட்டே. இனிமே செய்யி.

வெண்ணிலா: சிரிக்காதடா... ட்ரெயினின்னு சேந்த நாள்லேருந்து சால்வை மடிச்சேன், பேனருக்குக் கயிறு கட்டுனேன், எம்.டி. வூட்டுப் புள்ளைக்கு பலூன் ஊதினேன். இதுதான் மொதமொத தனியா குடுத்த வேலை. நல்லா நடந்தா இன்னிக்கே பர்மனென்ட் ஆர்டர். மேடம், தீவனக் கம்பெனி எம்.டி.யோட பத்து மணிக்கு வர்றாங்க. அந்தப் பேப்பரயும் கையில எடுத்துக்கினு வருவாங்க. சொதப்பினா நாளைக்கு வில்லியனூர்ல மாமாவோட ஜெராக்ஸ் கடைதான்.

புகழ்வேந்தன்: ...ஆமா, யாரு அந்தத் தையலம்மாள்?

வெண்ணிலா: யாரும் இல்ல. வாயில வந்த பேரு.

புகழ்வேந்தன்: மாட்டு பேரு?

வெண்ணிலா: அதுவும்... வாயில வந்துச்சு.

புகழ்வேந்தன்: நல்ல வாயி.

வெண்ணிலா: ஏய், அங்க இன்னாடா மேள சத்தம்? டாடா ஏஸ்ல ஒரு மாடு நிக்குது... மாட்டு கழுத்துல மாலை! பின்னால இன்னும் ரெண்டு வண்டி, நிறைய ஆளுங்க... யாருடா இவங்க?

புகழ்வேந்தன்: அய்யய்யோ.

வெண்ணிலா: இன்னாடா?

புகழ்வேந்தன்: ஒண்ணுமில்ல. வெயிலு.

தையலம்மாள்: ஏம்மா, இங்க போட்டி நடத்தறவங்க யாரு? நான்தான் ஜெயிச்சவ.

வெண்ணிலா: ...யம்மா, நீங்க?

தையலம்மாள்: தையலம்மாள். பாகூரு. தோ, வண்டியில நிக்கறாளே, அவதான் ராங்கி. காலையில சாணி அள்ளிக்கினு இருக்கேன், டீக்கடையே எழுந்து எங்க வூட்டு வாசலுக்கு வந்துடுச்சு. "தையலு, நேத்து செல்லிப்பட்டுல ஜெயிச்சுட்டியாமே"ன்றாங்க. நேத்து பொழுதன்னிக்கும் நான் கரும்புக் கொல்லையில சோகை உரிச்சுக்கினு இருந்தேன். இன்னாத்த சொல்ல? "ஆமா"ன்னுட்டேன்.

வெண்ணிலா: ஆமான்னா சொன்னீங்க!

தையலம்மாள்: பின்ன? பேப்பர்லயே போட்டாச்சு. அதுல மேல தெருக்காரி வந்து "எந்தப் பொடவை கட்டிக்கினு போனே"ன்றா. மாம்பழக் கலருன்னேன். சொன்னப்பறம் மனசு கேக்கல. போட்டி எங்க எப்பன்னு விசாரிச்சா, இன்னிக்கித்தானாம்! சரி, ஜெயிச்சாச்சுன்னு போட்ட பெறவு ஒருக்கா போயி ஜெயிச்சுட்டு வந்துர்றதுதானே மொறைன்னு கெளம்பிட்டேன். தோ பாரு, அதே பொடவை.

வெண்ணிலா: இவங்க எல்லாம்?

தையலம்மாள்: எங்க ஊருதான். "நேத்து கூப்புடாம போயிட்டியே"ன்னு கோவத்துல வந்திருக்காங்க... இந்தத் தம்பி யாரு? மைக் பொட்டிக்குப் பின்னால குந்திக்கினு இருக்குதே.

வெண்ணிலா: பத்திரிகைக்காரருங்கம்மா. பேரு புகழ்வேந்தன். டேய், எழுந்து வாடா.

தையலம்மாள்: ஓ... பத்திரிகையா. பெரிய எடம். வூட்டுச் சோறே காணாத மாதிரி எளச்சு இல்ல கெடக்கறாரு? காலையில எதனா துன்னியா தம்பி?

புகழ்வேந்தன்: ம்... சாப்ட்டேம்மா. அதாவது... வணக்கங்கம்மா. ஒங்க பேரு?

தையலம்மாள்: நீ போட்ட பேருதான் தம்பி.

புகழ்வேந்தன்: மாட்டுக்கு ஏன் ராங்கின்னு...?

தையலம்மாள்: அவ யாருக்கும் அடங்கமாட்டா. புது ஆளு கயித்த தொட்டா ஒரே ஒதை, சங்கராபரணி ஆத்துக்கு அந்தாண்ட போயிதான் உழுவான். ஆனா அது வூட்டுக்குள்ள கூப்புடற பேரு தம்பி. வெளிய அவ பேரு லட்சுமி. பால் சொசைட்டியில கூட லட்சுமிதான். பேப்பர்ல ராங்கின்னு எப்புடி வந்துச்சுன்னுதான் வழி நெடுக யோசிச்சுக்கினே வந்தேன்.

வெண்ணிலா: ...மோர் குடிக்கிறீங்களாம்மா?

புகழ்வேந்தன்: நல்ல மோரு! நானே எடுத்துக்கினு வரேன்!

தையலம்மாள்: இன்னா தம்பி, இந்த ஓட்டம் ஓடுது.

புகழ்வேந்தன்: நிலா! நிலா! பந்தலாண்ட வீரமணி ஐயா கார்லேருந்து எறங்கறாரு!

வெண்ணிலா: கல்யாணம்?

புகழ்வேந்தன்: தாலி கட்டறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாராம். மண்டபத்துல எல்லாரும் "உருக்கமா பேசினீங்களாமே"ன்னு கை குடுத்திருக்காங்க. "நேத்து நான் பேசினதுக்கு ஒரு நகல் குடுங்க, இன்னிக்கும் அதையே பேசிடறேன்"னு கேக்கறாரு. எந்த எடத்துல கண்ணு கலங்கணும்னு கூட கேட்டாரு!

வெண்ணிலா: அடப்பாவி... வுட்டா எல்லாம் நெசமாயிடும் போலருக்கே. சுத்துவட்டாரமே "நேத்து உட்டுட்டோமே"ன்னு வந்து குமியுது. திரளான மக்கள் ஆச்சு. விருந்தினர் ஆச்சு. யம்மா, இனிமே ஒங்க கையிலதான் இருக்குது. ராங்கி எவ்ளோ கறக்கும்?

தையலம்மாள்: கறக்கவா? எங்க வூட்டு அண்டா குண்டா ரொம்பி, பக்கத்து வூட்டு அண்டாவ வாங்கியாந்து, அதுவும் ரொம்பி, மழையே இல்லாத வருசத்துல பாகூர் ஏரி வழியுதேன்னு போயி பாத்தா...

புகழ்வேந்தன்: யம்மா... ஒரு நிமிசம். கன்னுக்குட்டி எங்க?

தையலம்மாள்: கன்னுக்குட்டியா?

புகழ்வேந்தன்: ஆமா.

தையலம்மாள்: ...மாலைய மறக்கல. மேளத்த மறக்கல.

வெண்ணிலா: கன்னு இல்லன்னா?

தையலம்மாள்: அது வந்து முட்டலன்னா ஒரு சொட்டு எறக்கமாட்டா.

*

தையலம்மாள்: மாட்டு டாக்டரு எவ்ளோன்னு எழுதினாரு?

வெண்ணிலா: எங்கம்மா எழுதறது? தராசத்தான் ஒங்க ராங்கி ஒதச்சுத் தள்ளிடுச்சே.

புகழ்வேந்தன்: ஒதைக்கறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். ஒரு டம்ளர்.

தையலம்மாள்: ரெண்டு டம்ளர்! நுரைய உட்டுட்டு சொல்லாத.

வெண்ணிலா: இந்த ஊரு ஆரோக்கியசெல்வி அக்கா மாடு பத்தொம்போது லிட்டர். அதுதான் மொதல்ல நிக்குது.

புகழ்வேந்தன்: நிலா, இங்க வா. டாக்டரு இன்னும் சொல்லல. தராசு கலாட்டாவுல யாருக்கும் கணக்கு தெரியாது. ரெண்டு மாட்டு பேரயும் மாத்திட்டா... ஒன் வேலையும் போவாது, என் பேப்பரும் பொய்யாவாது.

வெண்ணிலா: டேய். விடியகாலையில கறக்க வேண்டிய ஆரோக்கியசெல்வி அக்கா மாட்ட, மேடம் வர்ற நேரம் பாத்து கறக்கணும்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். மடி வெடிக்கற மாதிரி நின்னுச்சு. அந்த அக்கா அது முதுகத் தடவிக்கினே கெடந்தாங்க. அவங்க பாலு, என் செய்திக்காக வேற மாட்டு பேருல போவணுமா?

புகழ்வேந்தன்: அப்ப ஒன் வேலை?

வெண்ணிலா: ஜெராக்ஸ் கடையில ஃபேன் இருக்குது. மைக்க குடு.

புகழ்வேந்தன்: யோசிச்சுக்க... லேட்டானாலும் மேடம் கார் தோ அந்த முக்குல திரும்புது.

வெண்ணிலா: குடுடா... எல்லாருக்கும் வணக்கம். மொத பரிசு செல்லிப்பட்டு ஆரோக்கியசெல்வி அக்கா மாட்டுக்கு. பேப்பர்ல வந்தது தப்பு. போட்டி நடக்கறதுக்கு முன்னாடியே எழுதினது. எழுதினது நான்தான். தையலம்மாள் அம்மா மேல ஒரு தப்பும் கெடையாது. அவங்க மாடு... கன்னுக்குட்டி ஞாபகத்துல இருக்குது. மன்னிச்சுக்கங்க.

புகழ்வேந்தன்: இப்புடிக் குடு மைக்க. போட்டவன் நான்தாங்க! அவ 'மாதிரி'ன்னு எழுதித்தான் அனுப்பினா!

தையலம்மாள்: இன்னா கைத்தட்டு, இன்னா விசிலு! பந்தலே ஆடுது. பாவம், இத்தன உண்மைய ஒரே மேடையில எங்க கேட்டிருக்கப் போறாங்க... அட, வீரமணி நெசமாவே கண்ணத் தொடைக்கிறாரு!

வெண்ணிலா: போன் அடிக்குது. மேடம்... கார்ல இருந்தே கூப்புடறாங்க. ஹலோ மேடம்... ஆமா மேடம், நான்தான் மேடம்... ஸ்பீக்கர்ல கேட்டுச்சா மேடம்... எம்.டி. சாரும் கேட்டாரா... சாரி மேடம்... ஐயோ, சாரி மேடம்... என்ன மேடம்?... ரெண்டு நாளா?... சரிங்க மேடம்... சரிங்க மேடம்.

புகழ்வேந்தன்: இன்னா? ஜெராக்ஸா?

வெண்ணிலா: கிழி கிழின்னு கிழிச்சாங்க. நடுவுல எம்.டி. போன வாங்கி, "அப்ப நாளைக்கும் திருத்தம்னு செய்தி வருமா, அதுலயும் எங்க கம்பெனி வருமா"ன்னாரு. ஒரு போட்டிக்கு ரெண்டு நாள் செய்தி எந்த கம்பெனிக்கும் கெடச்சதில்லையாம். மேடம் கொரலு ஒடனே தேன் மாதிரி மாறிடுச்சு. நாளைக்குத் திருத்தம் ஒழுங்கா வந்துச்சுன்னா ஆர்டர் கையில. இனிமே புள்ளி வெச்சே அனுப்புன்னும் சொல்லிட்டாங்க.

தையலம்மாள்: பாத்தியா! ஒரு டம்ளர் பாலுல ஒரு வேலை.

புகழ்வேந்தன்: ரெண்டு டம்ளர்.

வெண்ணிலா: திருத்தம் ஒன் கையிலதான்டா இருக்குது. ஏன் திருதிருன்னு முழிக்கற?

புகழ்வேந்தன்: திருத்தம் போடணும்னா ஆசிரியர் காரணம் கேப்பாரு. படிக்காம போட்டேன்னா வேலை போயிரும். படிச்சுட்டுப் போட்டேன்னா... மானம் போயிரும்.

வெண்ணிலா: அப்ப படிச்சியா?

புகழ்வேந்தன்: ...படிச்சேன்.

வெண்ணிலா: எது வரைக்கும்?

புகழ்வேந்தன்: அந்தப் பேரு வரைக்கும். ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்ப. அதுக்கு மேல கண்ணு போவல. இவ எழுதியிருக்காளேன்னு... கை அதும்பாட்டுக்குப் பக்கத்துல ஏத்திடுச்சு.

வெண்ணிலா: வாயில வந்த பேருக்காடா?

தையலம்மாள்: போதும்டா புகழு! தம்பி தம்பின்னு கூப்புட்டு நாக்கு வறண்டு போச்சு. பெத்த புள்ளகிட்டயே வணக்கம் வாங்கிக்கினு நிக்கறேன். வண்டிய விட்டு எறங்கறப்பவே கண்ண கண்ண காட்டினியே, எதுக்குன்னு இப்ப இல்ல புரியுது.

புகழ்வேந்தன்: யம்மா... மெதுவா பேசும்மா...

தையலம்மாள்: நீ சும்மா இரு. ஏம்மா பொண்ணு, காலையில இருந்து ஒண்ணுந் தெரியாதவ மாதிரி மோரு குடுக்கற, தண்ணி குடுக்கற. எம்பேரு வேணா ஓட்டு லிஸ்ட்ல இருக்குது. எம்மாட்டோட வூட்டுப் பேரு எங்க ரெண்டு பேரு வாயத் தாண்டி வெளிய போனதில்ல. அது ஒன் வாயில எப்புடி வந்துச்சு?

புகழ்வேந்தன்: வண்டி கெளம்பப் போவுது, மாட்ட ஏத்தலாம் வாங்க... ஏய் நிலா, கயித்துகிட்ட போவாத! புது ஆள ஒதைக்கும்!

வெண்ணிலா: கயித்த இப்புடிக் குடுங்க அத்தை. எடது காதுக்குப் பின்னால சொறிஞ்சு உட்டா ஒதைக்காதாம்... தெனம் ராத்திரி போன்ல ஒங்க புள்ள மாட்டப் பத்தி மட்டுந்தான் பேசறான்.