ஊஞ்சலுக்குச் சங்கிலி வேண்டாம்

சங்கிலி வேண்டாம் தம்பி. கயிறெண்டால் தாங்கோ. உங்கட நிறுவனம் எங்கட பார்க்குக்குப் புது ஊஞ்சல் தாறது சந்தோசம்தான், பிள்ளையளும் ஆசைப்படுதுகள். ஆனா இரும்புச் சங்கிலி கிறீச் கிறீச்செண்டு கத்தும். எண்ணெய் விடுவமெண்டால் இந்தப் பொருளாதாரத் தடைக்குள்ள எண்ணெய்க்கு எங்க போறது. அது கத்தினால் குண்டு போட கிபிர் விமானம் வாற சத்தம் எனக்குக் கேக்காது.

ஓம், உதுதான் என்ர வேலை. இஞ்ச ஒருத்தருக்கும் சம்பளமில்லை, நாங்களாச் சேர்ந்து செய்யிறது. சிவலட்சுமி அக்கா செடியளுக்குத் தண்ணி ஊத்துவா. வீரகத்தியண்ணை மாடு உள்ளுக்க வராமல் வேலி பாப்பார். நான் பின்னேரத்தில உந்த வாகை மரத்தடியில இருந்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பன். சத்தம் வந்தால் உதில தொங்கிற தண்டவாளத் துண்டில அடிப்பன். பிள்ளையள் பதுங்குகுழிக்க, பங்கருக்க, ஓடுவினம்.

போன மாசம் குண்டு போட்டது கேள்விப்பட்டிருப்பியள். ஓம், அந்தக் குண்டு விழுந்த கிடங்குதான் உது. மண் போட்டு நிரப்பிப்போட்டம். பிள்ளையள் ஒண்டுக்கும் ஒரு கீறல் இல்லை. அண்டைக்கு வெள்ளனவே கேட்டிட்டுது. அடிச்சன். எல்லாம் பூந்திட்டுதுகள். சின்னனொண்டு இடறி விழுந்திட்டுது, அதைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்கினன்.

இல்லை, எல்லாரும் இல்லை, ஒராள் வெளியில. ஊஞ்சல் கம்பத்துக்குப் பெயின்ற் அடிச்சுக்கொண்டு ஏணியில நிண்டவர். கிளிநொச்சியில செல் விழுந்து ரெண்டு காதும் போன ஆள். நாங்கள் அடிக்கிறது அவருக்குக் கேக்காது, ஆரும் போய் முதுகில தட்டவேணும். வழமையா நான்தான் தட்டுறது. அண்டைக்குக் கையில பிள்ளை. பங்கர் வாசலில நிண்டு பாத்தனான். முதுகுதான் தெரிஞ்சுது. ஆறுதலாப் பெயின்ற் அடிச்சுக்கொண்டு நிண்டார். கூப்பிட்டும் பாத்தனான், கேக்காதெண்டு தெரிஞ்சும்.

அதுக்குப் பிறகும் வாறன்தான். வீட்டில இருந்து என்ன செய்யிறது. பிள்ளையள் விளையாட வருகுதுகள், ஆரோ ஒராள் கேக்கத்தானே வேணும்.

ஊஞ்சல் பூட்ட எப்ப வாறியள்? ஞாயிற்றுக்கிழமையோ? வாங்கோ, வீரகத்தியண்ணை நிப்பார். நான் அண்டைக்கு வரமாட்டன். வீட்டில சமையல், ஐயரும் வருவார். என்ர மனுசன்ர முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. ஏணியில நிண்டவரெண்டு சொன்னன், அவர்தான். பூட்டி முடிய நீங்களும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வாங்கோ. மரக்கறிதான்.